நிப்பான் புடோகான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் நடுவில், பழைய எடோ கோட்டையின் அகழிக்கு உட்புறம், எட்டு மூலையும் பச்சைக் கூரையுமாக ஓர் உள்ளரங்கம் நிற்கிறது. ஜூடோ, கராத்தே பழகுபவர்களுக்கு அது தலைமைக் களம். ராக் இசை கேட்பவர்களுக்கு அது பழைய இசைத்தட்டு உறைகளில் பார்த்த பெயர். இரண்டு கூட்டமும் கேட்கும் கேள்விகள் வேறு வேறு. இரண்டையும் இங்கே சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது. இந்த அரங்கத்தில் தற்காப்புக் கலை வீட்டுக்காரர், இசை வாடகைக்கு வந்தவர். அந்த முறையை அறுபது ஆண்டுகளாக மாற்றாமல் வைத்திருந்ததால்தான் கட்டடம் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பது என் கருத்து.

புடோகான் என்றால் என்ன? அது ஒரு கராத்தே பள்ளியா?

பள்ளி அல்ல, அரங்கம். ஜூடோ, கெண்டோ, கராத்தே போன்ற ஜப்பானியத் தற்காப்புக் கலைகளுக்கு மொத்தமாகப் 'புடோ' என்று பெயர். 'கான்' என்றால் மண்டபம். ஜப்பானில் ஊருக்கு ஊர் புடோகான்கள் உண்டு. டோக்கியோவின் கிட்டானோமாரு பூங்காவில் இருப்பது 'நிப்பான் புடோகான்', அதாவது நாட்டுக்கே உரிய புடோகான். உலகம் வெறுமனே 'புடோகான்' என்று சொல்வது இதைத்தான்.

இதை ஏன் கட்டினார்கள்?

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. அந்தப் போட்டிக்காகக் கட்டினார்கள். எல்லா இடத்திலும் இந்தப் பதில்தான் கிடைக்கும். சரியான பதில், ஆனால் பாதிப் பதில்.

மீதிப் பாதி 1945-இல் தொடங்குகிறது. போரில் தோற்ற ஜப்பானை நேச நாட்டுப் படைகள் ஆண்டபோது, பள்ளிகளில் தற்காப்புக் கலை கற்பிப்பதற்குத் தடை வந்தது. போர்க்காலத்தில் ராணுவ வெறியை வளர்க்க இந்தக் கலைகள் பயன்பட்டன என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. நாடு முழுவதும் இந்தக் கலைகளை நிர்வகித்துவந்த பழைய பெரிய சங்கம் 1946-இல் கலைக்கப்பட்டது. ஜூடோ 1950-இல் பள்ளிகளுக்குத் திரும்பியது. வாள் சம்பந்தப்பட்ட கெண்டோவுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

ஆக, 1962 ஜனவரியில் புடோகான் அறக்கட்டளை அமைந்தபோது, அதன் பின்னால் இருந்தவர்கள் மனத்தில் ஒலிம்பிக் மட்டும் இல்லை. தடை செய்யப்பட்டு, சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட ஒரு மரபுக்குத் தலைநகரின் நடுவில், அரண்மனைக்குப் பக்கத்தில், மதிப்போடு ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார்கள். முன்னின்று நடத்தியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அறக்கட்டளையின் முதல் தலைவர் மட்சுடாரோ ஷோரிக்கி. யோமியூரி நாளிதழின் அதிபர். ஜப்பானில் தொழில்முறை பேஸ்பாலையும் தனியார் தொலைக்காட்சியையும் வளர்த்தவர். தாமே ஜூடோ பழகியவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பீட்டில்ஸ் விவகாரத்தில் மறுபடி வருவார்.

1963 அக்டோபரில் வேலை தொடங்கியது. 1964 அக்டோபர் 3 அன்று திறப்பு விழா. ஒலிம்பிக் தொடங்க ஒரே வாரம் இருந்தது.

எட்டு மூலை வடிவம் எங்கிருந்து வந்தது?

கட்டடக் கலைஞர் மமோரு யமாடா. நாரா அருகே ஹொரியூஜி என்ற பழைய புத்தக் கோயில் இருக்கிறது. அதன் வளாகத்தில் 'யுமெடோனோ' என்ற எண்கோண மண்டபம் உண்டு; அதுதான் முன்மாதிரி. கூரை சரிந்து இறங்கும் விதத்தில் ஃபூஜி மலையின் சாயலையும் கொண்டுவந்தார்கள். உயரம் 42 மீட்டர். உச்சியில் பொன்னிறக் கலசம் போன்ற ஒரு குமிழ் இருக்கிறது. டோக்கியோ இளைஞர்கள் அதைச் செல்லமாக 'பெரிய வெங்காயம்' என்பார்கள்.

யமாடா இளமையில் மரபை உதறிய நவீனக் கட்டடக் கலைஞர்களின் குழுவில் இருந்தவர். அப்படிப்பட்டவர் எழுபது வயதை எட்டும்போது ஒரு கோயில் மண்டபத்தைக் கான்கிரீட்டிலும் எஃகிலும் பெரிதாக்கித் தந்தார். அதே 1964-இல் முடிந்த கியோட்டோ கோபுரமும் அவருடையதுதான். கோபுரத்தைப் பழைய நகரின் அழகைக் கெடுத்துவிட்டது என்று ஏசினார்கள். புடோகானைப் பழமையைப் போலி செய்கிறது என்றார்கள். இரண்டு வசையையும் ஒரே ஆண்டில் வாங்கிக்கொண்டு 1966-இல் மறைந்தார். என்னைக் கேட்டால் புடோகான் போலி அல்ல. உள்ளே தூண் எதுவும் பார்வையை மறைக்காமல், எந்த மூலையில் உட்கார்ந்தாலும் நடுக்களம் தெரிவதற்கு அந்த எட்டு மூலைதான் காரணம். வடிவம் வேலை செய்கிறது.

இன்னொரு விஷயம் நேரில் போனால்தான் புரியும். கட்டடத்தின் எட்டுப் பக்கங்களும் எட்டுத் திசைகளைப் பார்க்கின்றன. இருக்கைப் பகுதிகளுக்கும் திசைகள்தான் பெயர். டிக்கெட்டில் 'தென்கிழக்கு', 'மேற்கு' என்று அச்சடித்திருக்கும். கச்சேரிகளில் மேடையை வழக்கமாக வடக்கில் போடுவார்கள். ஆகவே 'தெற்கு' என்றால் மேடைக்கு நேர் எதிரே, கொஞ்சம் தூரம். 'வடகிழக்கு', 'வடமேற்கு' என்றால் பாடகரின் பக்கவாட்டைப் பார்க்கலாம், தூரம் குறைவு. மேடையே முதுகைக் காட்டும் 'வடக்கு' இருக்கைகளைப் பெரும்பாலும் விற்பதில்லை. அபூர்வமாக, நாற்புறமும் பார்க்கும்படி நடுவில் மேடை போட்டால் விற்பார்கள்.

எத்தனை பேர் உட்காரலாம்?

நெடுங்காலமாகச் சொல்லப்படும் எண் 14,471. தரைத்தளக் களத்தில் நாற்காலி போட்டால் 2,946, முதல் அடுக்கில் 3,199, இரண்டாம் அடுக்கில் 7,846, நின்று பார்ப்பவர்கள் 480. கச்சேரி என்றால் மேடையும் ஒலிபெருக்கிகளும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் பத்தாயிரத்தை ஒட்டி நிற்கும்.

மொத்தத்தில் பாதிக்கு மேல் இரண்டாம் அடுக்கில் இருப்பதைக் கவனியுங்கள். அந்த அடுக்கு செங்குத்தாக ஏறும். கடைசி வரிசையில் இருந்தாலும் களத்தை மேலிருந்து எட்டிப் பார்ப்பது மாதிரிதான் இருக்கும். ஜூடோவுக்கு இது நல்ல கோணம், கால் நகர்வு நன்றாகத் தெரியும். உயரம் ஒத்துவராதவர்கள் முதல் அடுக்கில் பார்த்து வாங்குவது நல்லது.

1964-இல் ஜப்பான் தன் சொந்த அரங்கத்திலேயே தோற்றதாமே?

ஆமாம். புடோகானின் கதையில் மிக முக்கியமான ஒன்பது நிமிடம் அது.

ஜூடோவில் நான்கு பிரிவுகள். லேசான எடை, நடு எடை, கன எடை மூன்றிலும் ஜப்பான் தங்கம் வென்றுவிட்டது: தகெஹிதே நகதானி, இசாவோ ஒகானோ, இசாவோ இனோகுமா. ஆனால் ஜப்பானியர்களுக்கு அந்த மூன்றும் முன்னுரைதான். ஜூடோவின் பெருமையே சின்ன ஆள் பெரிய ஆளை வீழ்த்தலாம் என்பதில் இருக்கிறது. எடை வரம்பே இல்லாத 'திறந்த பிரிவு'தான் உண்மையான ஜூடோ என்று கருதினார்கள். அதற்கு ஜப்பான் அனுப்பியவர் அகியோ காமினாகா. எதிரே நெதர்லாந்தின் அன்டன் கேசிங்க். ஆறரை அடி உயரம். 1961-இல் பாரிஸில் உலகப் பட்டத்தை வென்று, அதை ஜப்பானுக்கு வெளியே கொண்டுபோன முதல் ஆள். தொடக்கச் சுற்றிலும் காமினாகாவை அவர் ஏற்கெனவே தோற்கடித்திருந்தார்.

1964 அக்டோபர் 23, இறுதிப் போட்டி. ஒன்பது நிமிடம் தாண்டியபோது காமினாகா எறிய முயன்றார். கேசிங்க் அசையவில்லை, அப்படியே கீழே தள்ளி, கழுத்தையும் கையையும் அணைத்துப் பக்கவாட்டில் அமுக்கினார். ஜூடோ பழகியவர்களுக்கு அது 'கேசா-கதாமே', முதல் மாதத்திலேயே சொல்லித்தரும் பிடி. காமினாகாவால் எழ முடியவில்லை. 9 நிமிடம் 22 வினாடியில் முடிந்தது. அரங்கத்தில் பலர் அழுதார்கள்.

வெற்றி அறிவித்த நொடியில் நெதர்லாந்து ரசிகர் ஒருவர் மகிழ்ச்சி தாங்காமல் களத்தை நோக்கி ஓடிவந்தார். கேசிங்க் இன்னும் எழுந்துகூட முடிக்கவில்லை. கையை உயர்த்தி, வராதே என்று தடுத்தார். தத்தாமி விரிப்பின் மேல் செருப்புக் கால் படக்கூடாது. தோற்றவரோடு சேர்ந்து வணங்கி முடிக்கும்வரை கொண்டாட்டம் கூடாது. தோல்வியின் வலியில் இருந்த ஜப்பானியர்கள் அந்தக் கை அசைவைப் பார்த்துத்தான் அவரை ஏற்றுக்கொண்டார்கள். எறியத் தெரிந்த வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். இவருக்குக் கலை உள்ளே இறங்கியிருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஜப்பான் நான்கு தங்கத்தையும் அள்ளியிருந்தால் ஜூடோ ஒரு நாட்டு விளையாட்டாகவே சுருங்கியிருக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் அந்தப் பக்கம்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜூடோ இல்லை. 1972-இல் திரும்பி வந்தது, அதன் பிறகு போகவே இல்லை.

தற்காப்புக் கலைக்குக் கட்டிய இடத்தில் பீட்டில்ஸ் எப்படிப் பாடினார்கள்?

இடம் இல்லாமல்தான். 1966-இல் அவர்களைப் பார்க்க விரும்பிய கூட்டத்துக்கு டோக்கியோவின் வழக்கமான இசை அரங்குகள் எதுவும் போதாது. கூரை இருக்க வேண்டும், பத்தாயிரம் பேர் உட்கார வேண்டும், காவல் போட வசதியாக இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் புடோகான் ஒன்றுதான் மிஞ்சியது.

அறிவிப்பு வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. வலதுசாரி அமைப்புகள் தெருவில் இறங்கின; கொலை மிரட்டலும் வந்தது. தலைமுடி வளர்த்த இங்கிலாந்துப் பையன்கள் மின் கிதாரோடு ஏறினால் அரங்கத்தின் புனிதம் கெடும் என்பது வாதம். இதில் பெரிய சிக்கல், நிகழ்ச்சிக்கு ஆதரவு தந்ததே ஷோரிக்கியின் யோமியூரி நாளிதழ். அரங்க அறக்கட்டளையின் தலைவரும் அவர்தான். அவரே இடையில் தயங்கி, புடோகான் இதற்குப் பொருத்தமான இடமா என்று வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். கடைசியில் அனுமதி நின்றது.

புயல் காரணமாக விமானம் தாமதமாகி, ஜூன் 29 விடியற்காலையில் வந்து இறங்கினார்கள். ஜூன் 30 முதல் ஜூலை 2 வரை ஐந்து காட்சிகள். ஒவ்வொன்றிலும் பதினொரு பாட்டு, அரை மணி நேரம் சொச்சம். தரைத்தளக் களத்தில் ரசிகர்களை உட்காரவே விடவில்லை. அடுக்குகளில் மட்டுமே இடம். மேடையை உயரமாகக் கட்டினார்கள். இருக்கையை விட்டு எழக்கூடாது என்று உத்தரவு, ஒவ்வொரு வரிசைக்கும் காவலர். ஆயிரக்கணக்கான போலீஸார் நகரம் முழுக்க நின்றார்கள். விளைவு யாரும் எதிர்பாராதது. வேறெங்கும் ரசிகர்களின் அலறலில் தங்கள் பாட்டே தங்களுக்குக் கேட்காமல் பழகிப்போயிருந்த நால்வருக்கும் இங்கே பாட்டு கேட்டது. சுருதி விலகியதும் சேர்த்துத்தான்.

கூரை இடிந்து விழவில்லை. அடுத்த ஏப்ரலில் ஜூடோப் போட்டியும் வழக்கம்போல நடந்தது.

அப்படியானால் புடோகானின் முதல் இசை நிகழ்ச்சி பீட்டில்ஸுடையதா?

இல்லை. 1965-இலேயே லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி இங்கே சிம்பொனி இசை நடத்தியிருக்கிறார். அப்போது யாரும் புனிதம் கெட்டது என்று தெருவில் இறங்கவில்லை. பீட்டில்ஸ் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1966 மே 31 அன்று, 'ஃபைட்டிங்' ஹரடா இங்கே பிரேசிலின் எடர் ஜோஃப்ரேயை இரண்டாம் முறையாக வென்று உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தைத் தக்கவைத்தார். குத்துச்சண்டையும் மேலைநாட்டுச் சரக்குதானே! அதையும் யாரும் தடுக்கவில்லை. எதிர்ப்பு அரங்கத்தைக் காப்பாற்ற எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இளைஞர்களைக் கண்டு பெரியவர்களுக்கு வந்த பயம் அது.

இசைத்தட்டுகளில் இந்தப் பெயர் அடிக்கடி வருவது ஏன்?

பீட்டில்ஸுக்குப் பிறகு வழி திறந்துவிட்டது. 1968-இல் மங்கீஸ், 1971-இல் லெட் செப்பெலின், 1972-இல் டீப் பர்ப்பிள். ஆனால் பெயர் உலகம் முழுக்கப் போனது 1978-இல். அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் பாப் டிலன் இங்கே பாடியது இரட்டைத் தட்டாக வந்தது. ஏப்ரலில் சீப் ட்ரிக் என்ற அமெரிக்கக் குழு வந்தது. சொந்த ஊரில் அவர்களுக்கு அப்போது பெரிய பெயர் கிடையாது. ஜப்பானிலோ விமான நிலையத்திலிருந்தே பெண்கள் கூட்டம் துரத்தியது. இங்கே பதிவான கச்சேரியை ஜப்பானில் மட்டும் விற்கலாம் என்று வெளியிட்டார்கள். அந்தத் தட்டைக் கப்பலில் வரவழைத்து அமெரிக்கர்கள் வாங்கத் தொடங்கியதும், 1979-இல் அங்கேயும் வெளியிட வேண்டியதாயிற்று, லட்சக்கணக்கில் விற்றது. பாட்டைவிட அதில் கேட்கும் கூட்டத்தின் கூச்சல்தான் 'புடோகான்' என்ற பெயரை அமெரிக்க வீடுகளில் பதித்தது.

இங்கிலாந்துக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் 2023 ஏப்ரலில் தம் நூறாவது புடோகான் கச்சேரியை நடத்தினார். ஜப்பானியப் பாடகர் எய்கிச்சி யாசாவா அந்த எண்ணிக்கையை அதற்கு வெகு முன்பே தாண்டியவர்.

முகமது அலி இங்கே மல்யுத்த வீரரோடு மோதினாரா?

மோதினார். 1976 ஜூன் 26, அன்டோனியோ இனோகியோடு. பதினைந்து சுற்றில் பெரும்பகுதி நேரம் இனோகி மல்லாந்து படுத்துக்கொண்டு அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். அலி விட்ட குத்துகளை விரல் விட்டு எண்ணலாம். சமம் என்று அறிவித்தார்கள். பணம் கொடுத்து வந்தவர்கள் கையில் இருந்ததைத் தூக்கி எறிந்தார்கள். அலியின் கால் வீங்கி, ரத்தக்கட்டோடு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. வெவ்வேறு சண்டை முறைகளைக் கலந்து நடத்தும் இன்றைய போட்டிகளுக்கு இதை முன்னோடி என்கிறார்கள். வரலாற்றில் இடம் உண்டு, பார்க்கச் சுகமில்லை. அலியின் நல்ல ஆட்டம் வேண்டுமானால் 1972 ஏப்ரல் 1 அன்று இதே அரங்கில் மேக் ஃபாஸ்டரைப் புள்ளியில் வென்றதைத் தேடிப் பாருங்கள்.

கச்சேரிகள் வந்தபின் தற்காப்புக் கலைக்கு இடம் மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. நாட்காட்டியைப் பார்த்தால் முதல் உரிமை யாருக்கு என்று தெரிந்துவிடும்.

ஏப்ரல் 29: அனைத்து ஜப்பான் ஜூடோ வாகைப் போட்டி. இன்றுவரை எடைப் பிரிவு கிடையாது. யசுஹிரோ யமாஷிதா 1977 முதல் 1985 வரை தொடர்ந்து ஒன்பது முறை இதை வென்றார். அதைவிட எனக்குப் பிடித்தது 1990. எண்பது கிலோகூட இல்லாத தொஷிஹிகோ கோகா, தம்மைவிடப் பெரியவர்களை ஒவ்வொருவராகச் சாய்த்து இறுதிவரை வந்தார். அங்கே அவரைவிட ஐம்பது கிலோ அதிகமான நவோயா ஒகாவா அவரை எறிந்துவிட்டார். தோற்ற கோகாவைத்தான் மக்கள் இன்றும் பேசுகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் பார்சிலோனாவில் 71 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார்.

நவம்பர் 3: அனைத்து ஜப்பான் கெண்டோ வாகைப் போட்டி. 64 பேர், தோற்றால் வெளியே. இதை ஒருமுறையாவது கவனித்துப் பார்க்க வேண்டும். மூங்கில் வாள் தலைக்கவசத்தில் விழும் சத்தம், கூடவே வீரரின் தொண்டையிலிருந்து கிளம்பும் முழக்கம், மூன்று நடுவர்களின் சிவப்பு அல்லது வெள்ளைக் கொடி மேலே போவது, எல்லாம் ஒரு நொடிக்குள். அடி பட்டால் மட்டும் போதாது. குரல், வாள், கால் மூன்றும் ஒன்றாக இறங்க வேண்டும். அடித்த பிறகும் விழிப்பு குலையக்கூடாது. புள்ளி எடுத்தவர் கையை மடக்கிக் குதித்தால் அந்தப் புள்ளியையே ரத்து செய்துவிடலாம். பார்வையாளர்களும் கைதட்டலோடு நிறுத்திக்கொள்வார்கள். முந்தின நாள் இரவு இதே கூரையின் கீழ் பத்தாயிரம் பேர் துள்ளியிருக்கலாம். அரங்கம் இரண்டுக்கும் ஏற்றமாதிரி இருந்துகொள்கிறது.

இவை தவிர பிப்ரவரியில் பழைய போர்க்கலை மரபுகளின் செயல்விளக்கம் நடக்கும். மே மாதத்தில் ஐக்கிடோ. ஜனவரி தொடக்கத்தில் புத்தாண்டின் முதல் தூரிகை எழுத்து: களம் முழுக்கச் சிறுவர்களும் பெரியவர்களும் மண்டியிட்டு, நீளத் தாளில் மை தோய்த்து எழுதுவார்கள். சண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மூச்சை அடக்கி, ஒரே வீச்சில், திருத்தம் இல்லாமல் முடிப்பது. வாள் பிடித்தவர்களுக்கு இது புரியாத காரியம் இல்லை.

இதை நடத்துவது அரசா?

அல்ல. பொதுநல அறக்கட்டளை நடத்துகிறது. வருமானத்தில் பெரிய பங்கு அரங்க வாடகை. கச்சேரி, பல்கலைக்கழக விழா, தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று வருபவர்கள் கொடுக்கும் வாடகை, கலைகளை வளர்க்கப் போகிறது. அரங்கத்துக்குள்ளேயே சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சிபா மாநிலத்தின் கட்சூராவில் தங்கிப் பயிலும் மையம் இருக்கிறது. அதே ஊரில் 1984-இல் திறந்த சர்வதேச புடோ பல்கலைக்கழகமும் இந்த முயற்சியின் தொடர்ச்சிதான். 2012 ஏப்ரல் முதல் ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் ஏதேனும் ஒரு தற்காப்புக் கலை கட்டாயப் பாடம். 1945-இன் தடையை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

ஒலிம்பிக்குக்காக அரங்கம் கட்டும் நகரங்கள் பல, போட்டி முடிந்ததும் கட்டடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் திகைக்கின்றன. புடோகானில் அந்தத் திகைப்பு வரவில்லை. தற்காப்புக் கலைக்கு முன்னுரிமை, மற்ற நாளில் மற்றவர்களுக்கு வாடகை என்ற முறை தெளிவாக இருந்தது.

அரசு நிகழ்ச்சிகளும் இங்கே நடக்குமா?

ஆகஸ்ட் 15 அன்று போரில் இறந்தவர்களுக்கான தேசிய நினைவு நிகழ்ச்சி 1965 முதல் இங்கேதான். நண்பகலில் ஒரு நிமிட மௌனம், பிறகு பேரரசரின் உரை. முன்னாள் பிரதமர் ஷிகேரு யோஷிதாவின் அரசு இறுதிச் சடங்கு 1967-இலும், ஷின்ஸோ அபேயினுடையது 2022 செப்டம்பர் 27 அன்றும் இங்கே நடந்தன. இரண்டாவதில் பிரதமர் மோடி உட்பட நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். அரசுப் பணத்தில் நடத்தலாமா என்று வெளியே எதிர்ப்புப் பேரணிகளும் நடந்தன. ஏப்ரலில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நுழைவு விழாவும் இங்கேதான். செர்ரிப் பூ உதிரும் அகழிக்கரையில் புது மாணவர்கள் பெற்றோரோடு நடந்து போவார்கள்.

2020 ஒலிம்பிக்கில் இங்கே என்ன நடந்தது?

அதற்காக 2019 செப்டம்பரில் மூடிப் புதுப்பித்தார்கள்; பக்கத்தில் புதிய பயிற்சிக் கட்டடமும் எழுந்தது. கொரோனாவால் போட்டி 2021-க்குத் தள்ளிப்போனது. ஜூலை 24 முதல் 31 வரை ஜூடோ, ஆகஸ்ட் 5 முதல் 7 வரை கராத்தே. பார்வையாளர் யாருக்கும் அனுமதி இல்லை.

ஜூலை 25 அன்று ஹிஃபுமி அபே, உத்தா அபே என்ற அண்ணன் தங்கை ஒரே நாளில் இரண்டு தங்கம் வென்றார்கள். கடைசி நாள் கலப்புக் குழுப் போட்டியில் ஜப்பானைப் பிரான்ஸ் வீழ்த்தியது. கேசிங்க் தொடங்கிவைத்த கதை தொடர்கிறது! இந்தியாவிலிருந்து போன ஒரே ஜூடோ வீராங்கனை மணிப்பூரின் சுசீலா தேவி லிக்மாபாம். முதல் நாளே, முதல் சுற்றில், ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஹங்கேரியின் எவா செர்னோவிஸ்கியிடம் தோற்றார். நம் ஊரில் ஜூடோவுக்குக் கிடைக்கும் வசதியை வைத்துப் பார்த்தால் அவர் அந்த விரிப்பில் ஏறியதே பெரிது.

கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அந்த ஒருமுறைதான். எதிராளி இல்லாமல் தனியாக அசைவுகளைச் செய்துகாட்டும் 'கட்டா' பிரிவில் ஒகினாவாவின் ரியோ கியூனா தங்கம் வென்றார். கராத்தே பிறந்த தீவுக்காரர் புடோகானில் அந்தத் தங்கத்தை வாங்கியபோது அரங்கம் காலியாக இருந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அதற்கு அடுத்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை.

இதைவிடப் பெரிய அரங்கங்கள் வந்துவிட்டனவே, இன்னும் ஏன் இந்த மதிப்பு?

டோக்கியோ டோம் 1988-இலும், யோகொஹாமா அரீனா 1989-இலும், சைட்டாமா சூப்பர் அரீனா 2000-இலும் வந்தன. டோமில் புடோகானைப் போல மூன்று நான்கு மடங்கு கூட்டம் கொள்ளும். ஆனாலும் ஜப்பானில் புதிதாக வரும் ஒரு குழு 'ஒருநாள் புடோகானில்' என்றுதான் சொல்லும். சின்ன கிளப்பில் நூறு பேருக்குப் பாடத் தொடங்கியவர்களுக்குப் பத்தாயிரம் என்பது எட்டக்கூடிய மலை. மேலே மையத்தில் தொங்கும் தேசியக் கொடியும், நாலாபுறமும் செங்குத்தாக ஏறும் முகங்களும் வேறெங்கும் கிடைக்காதவை. ஒலியைப் பொறுத்தவரை, இசைக்காக வடிவமைத்த அரங்கங்களுக்கு இது ஈடாகாது, கூரை எதிரொலிக்கும். அது தெரிந்தேதான் வருகிறார்கள்.

நேரில் பார்க்க எப்படிப் போவது?

குடான்ஷிதா சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, இரண்டாம் எண் வாயிலில் வெளியே வந்தால் ஐந்து நிமிட நடை. சரிவில் ஏறி, 1636-இல் கட்டிய தயாசு வாயிலைக் கடந்து உள்ளே போக வேண்டும். வாயிலில் சதுரமாக ஒரு திருப்பம் வரும். எதிரிப் படை ஒரே ஓட்டத்தில் உள்ளே நுழையாதபடி செய்த பழைய ஏற்பாடு. இன்று கச்சேரிக் கூட்டமும் அங்கேதான் முட்டி நிற்கும். ஆகவே முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள், முடிந்ததும் அவசரப்படாதீர்கள்.

நிகழ்ச்சி இல்லாத நாளில் பூங்காவில் நடந்தபடி வெளியிலிருந்து பார்க்கலாம். உள்ளே பார்க்க ஆசை இருந்து, கச்சேரி டிக்கெட் கிடைக்காவிட்டால், கலைப் போட்டி நடக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். செலவு குறைவு, கூட்டமும் அடங்கியிருக்கும். கச்சேரிகளில் படம் பிடிக்க விடமாட்டார்கள்.

'டோக்கியோ புடோகான்' என்று டிக்கெட்டில் இருந்தால் அதுவும் இதுதானா?

இல்லை. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். டோக்கியோ புடோகான் என்பது அதாச்சி வட்டாரத்தில் அயாசே நிலையம் அருகே 1990-இல் திறந்த வேறொரு கட்டடம். மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கமான 'கராத்தே புடோகான்' இன்னும் வேறு: 1966-இல் சியூ சூ சூட் அங்கே நிறுவிய கராத்தே அமைப்பு அது, அரங்கத்தோடு நிர்வாகத் தொடர்பு இல்லை. போட்டி பார்க்கப் போகிறவர்கள் அரங்கத்தின் பெயரோடு நிலையத்தின் பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடான்ஷிதா என்றிருந்தால் நிப்பான் புடோகான், அயாசே என்றிருந்தால் மற்றது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் போய்ச் சேர்வதற்குள் முதல் சுற்று முடிந்துவிடும்.